சொல்லிவிட்டுத் தொடுங்கள்

(தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியேற்கவிருக்கும் இளம் செவிலியரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

வென்டிலேட்டரின் அலாரம் எதற்காக அடிக்கிறது, மருந்து பம்பில் அளவை எப்படி வைப்பது என்றெல்லாம் கற்றுத்தர உங்களுக்கு நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த இந்த நேரத்தில் ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன். நோயாளியைத் தொடுமுன் அவரிடம் சொல்வது. அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வாயில் குழாயோடு, மயக்க மருந்தில் படுத்திருந்தார். இரவுப் பணியில் நானும் இன்னொரு செவிலியரும் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தோம்; சளியை உறிஞ்சி எடுத்தோம். கை வேலை செய்துகொண்டிருக்க, அடுத்த வாரம் யாருக்கு லீவு என்று எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பிழைத்தார். குழாயை எடுத்துச் சில நாள் கழித்து, கரகரத்த குரலில் என்னிடம் சொன்னார்: "ராத்திரி ரெண்டு பேர் வந்து என்னைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள அமுக்கினாங்க சிஸ்டர். அமுக்கிக்கிட்டே யாருக்கு லீவுன்னு பேசிக்கிட்டாங்க."

அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான். அதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது கனவு இல்லையா அப்போ?" என்று கேட்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை. தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று தெரிந்த நிம்மதிதான் இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவருக்கு நடந்தது என்ன? மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போகிறது. அதனால் நோயாளி எவ்வளவு முயன்றாலும் சத்தம் வராது. மயக்க மருந்து நாம் நினைப்பதுபோல் எப்போதும் ஒரே ஆழத்தில் இருப்பதும் இல்லை, ஏறும், இறங்கும். காதில் விழுவதும் உடம்பில் படுவதும் துண்டு துண்டாக உள்ளே போக, குழம்பிய மூளை அவற்றைக் கோத்து ஒரு கதை கட்டிக்கொள்கிறது. இந்தக் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். வென்டிலேட்டரில் இருப்பவர்களில் 80 விழுக்காடு வரை இது வருவதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. கத்தி, குழாயைப் பிடுங்கப் பார்ப்பவரை எல்லோரும் கவனித்துவிடுவோம். எதுவும் கேட்காமல், அசையாமல், கூரையையே பார்த்துக் கிடப்பவரைத்தான் 'தொந்தரவு இல்லாத நோயாளி' என்று விட்டுவிடுகிறோம். அவருக்கும் அதே குழப்பம் இருக்கலாம்.

ஆகவே சொல்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நீங்கள் யார், இது எந்த இடம், இப்போது பகலா இரவா என்று சொல்லுங்கள். "சளி எடுக்கப்போறேன் ஐயா. இருமல் வரும், மூச்சு முட்டுற மாதிரி இருக்கும். சில நொடிதான். நான் பக்கத்துலயே நிக்கிறேன்." இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகிறது? நீங்கள் கையுறை மாட்டும் நேரத்திலேயே சொல்லி முடித்துவிடலாம். பிரிட்டனில் கேட் கிரேஞ்சர் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 2013இல் தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, தன்னிடம் வந்த பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். 'வணக்கம், என் பெயர் இது' என்று சொல்லித் தொடங்குங்கள் என்பதையே ஓர் இயக்கமாக்கினார். 2016இல் இறக்கும்வரை அதையே பேசினார். படித்த மருத்துவருக்கே அந்தக் குறை அவ்வளவு வலித்திருக்கிறது.

சொல்வதோடு கேட்கவும் வேண்டும். குரல் இல்லாதவரிடம் எப்படிக் கேட்பது? ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள். கையை அழுத்தட்டும், கண்ணை மூடித் திறக்கட்டும். எழுத்துப் பலகை, படப் பலகை வையுங்கள். முதலில் வலிக்கிறதா என்று கேளுங்கள், அடுத்து தாகமா என்று. தாகத்தை நாம் அடிக்கடி மறந்துபோகிறோம். சொட்டு மருந்தில் நீர் போதுமான அளவு போய்க்கொண்டிருக்கும்; கணக்கில் குறை இராது; ஆனால் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கும். வாயில் குளிர்ந்த நீரைத் தெளித்து, பஞ்சால் துடைத்து, உதட்டுக்கு ஈரப்பசை தடவினால் தாகம் குறைகிறது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாத சிகிச்சை இது. சத்தத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்: மருத்துவமனை அறைகளில் இரவில் 30 டெசிபெல்லுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் பிரிவுகளில் மானிட்டர் அலாரமே அதைத் தாண்டும். அதற்கு மேல் நம் பேச்சும் வேண்டுமா?

இந்தப் பிரிவு எப்படிப் பிறந்தது என்பதை ஒருநாளும் மறக்காதீர்கள். 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்தார்கள். பியோன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தச் சொன்னார். இயந்திரங்கள் போதவில்லை. சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாகக் கட்டிலருகே உட்கார்ந்து அந்தப் பைகளை அமுக்கினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. மறு ஆண்டே நிரந்தரமான தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே உருவானது. பையை அமுக்கும் வேலையைப் பின்னால் இயந்திரம் எடுத்துக்கொண்டது. பக்கத்தில் உட்காரும் வேலை நம்மிடம் இருக்கிறது.

இனி, கதவுக்கு வெளியே இருப்பவர்கள்.

1979இல் நான்சி மோல்ட்டர் என்ற செவிலியர், தீவிர சிகிச்சையில் இருப்போரின் உறவினர்கள் 40 பேரிடம் 'உங்களுக்கு எது முக்கியமான தேவை' என்று கேட்டார். நம்பிக்கை வேண்டும் என்றார்கள், கேட்டதற்கு உண்மையான பதில் வேண்டும் என்றார்கள், நிலைமை மாறினால் வீட்டுக்குத் தகவல் வரவேண்டும் என்றார்கள். நம்பிக்கையும் உண்மையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள்.

அவர்கள் உள்ளே வந்து நோயாளியைத் தொடுமுன் அவர்களுக்கும் சொல்லவேண்டும். முதல்முறை உள்ளே வரும் மகளை வாசலிலேயே நிறுத்திச் சொல்லுங்கள்: "அம்மாவுக்கு முகம் வீங்கியிருக்கும்மா. வாயில குழாய் இருக்கு, பேச முடியாது. கையைப் பிடிக்கலாம், பேசலாம்." பிறகு ஒரு நாற்காலி போடுங்கள். அம்மாவுக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கும், கண்ணாடி போடுவாரா, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேளுங்கள். இவை கேஸ் ஷீட்டில் கிடைக்காத, சிகிச்சைக்கு உதவும் தகவல்கள். தயவுசெய்து "கவலைப்படாதீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சொன்னால் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

உறவினர் வந்தால் இடைஞ்சல் என்று பார்வை நேரத்தைச் சுருக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பிரேசிலில் 36 பிரிவுகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஒரு நாளில் 12 மணி நேரம் வரை உறவினரை அனுமதித்துப் பார்த்தார்கள். நோயாளியின் டெலிரியம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. பிரான்சில் 22 பிரிவுகளில் நடந்த ஆய்வு 2007இல் வந்தது. இறக்கும் தறுவாயில் இருப்போரின் குடும்பத்தாரை உட்காரவைத்து, நேரம் கொடுத்துப் பேசவிட்டு, ஒரு கையேடும் கொடுத்தார்கள். 90 நாள் கழித்து, அதிர்ச்சிக்குப் பின்வரும் மனப்பாதிப்பின் அறிகுறிகள் அவர்களில் 45 விழுக்காட்டினரிடம் இருந்தன. வழக்கமான முறையில் நடத்தப்பட்டோரிடம் 69. உட்கார்ந்து கேட்டதன் பலன் மூன்று மாதம் கழித்தும் தெரிகிறது. அந்தச் சந்திப்பில் டாக்டரோடு செவிலியரும் இருக்கவேண்டும், டாக்டர் எழுந்து போனபின் அவர்கள் நம்மிடம்தானே "என்ன சொன்னாரு சிஸ்டர்?" என்று கேட்கப்போகிறார்கள்.

நிர்வாகத்தில் இருப்போரும் இங்கே இருக்கிறீர்கள். ஒரு செவிலியரிடம் வென்டிலேட்டர் நோயாளிகள் நாலு பேரைக் கொடுத்துவிட்டு, 'பரிவோடு பாருங்கள்' என்று சுவரில் எழுதி ஒட்டுவது நியாயமில்லை. ஆள் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. போன வருடம் ஓர் அதிகாலையில் ஒரு பெரியவர் காலமானார். குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டு, புதிதாக வந்த பெண்ணும் நானும் அவரைச் சுத்தம் செய்யத் தொடங்கினோம். "முகத்தைத் துடைக்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுத் துடைத்தேன். அந்தப் பெண் தயங்கி, "இனி அவருக்குக் கேட்காதே அக்கா?" என்றாள். நான் பதில் சொல்லுமுன் திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அவர் மனைவி, "இடது பக்கம் மெதுவாத் துடைம்மா, அங்க அவருக்குக் கூச்சம்" என்றார். நாங்கள் திரையை விலக்கி அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டோம். ஈரத் துணியை அவர் கையில் கொடுத்தோம்.