பிளேஸ்டேஷனுக்குள் ஒளிந்திருக்கும் ஓஎஸ், உங்கள் கணினியில் இலவசமாக!

பிளேஸ்டேஷன் 4-ல் கேம் ஆடியிருக்கிறீர்களா? சரி, நெட்ஃபிளிக்ஸில் ஒரு படமாவது பார்த்திருப்பீர்கள். அப்படியென்றால் ஃப்ரீபிஎஸ்டி என்ற ஓஎஸ், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், உங்களுக்குப் புதிதல்ல. அந்த கேம் பெட்டியின் ஓஎஸ் இதிலிருந்து பிறந்தது. நெட்ஃபிளிக்ஸ் வீடியோவை நம் வீட்டுக்கு அனுப்பும் சர்வர்களில் ஓடுவதும் இதுதான். விலை? பத்து பைசா கிடையாது.

வரலாறு ஒரே மூச்சில்: பெர்க்லி பல்கலைக்கழக யூனிக்ஸ் என்ற பழைய ஓஎஸ்ஸின் வாரிசு, முதல் பதிப்பு 1993, நடுவில் கோர்ட் கேஸ் எல்லாம் உண்டு, அது தனி வீடியோ.

எடுத்த எடுப்பில் லேப்டாப்பை அழித்துவிடாதீர்கள், முதலில் விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டுப் பாருங்கள். இன்ஸ்டால் செய்கையில் பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, கீபோர்டு போய்விட்டது என்று பதற வேண்டாம். டிஸ்க் பற்றிக் கேட்கும் இடத்தில் 'ஆட்டோ இசட்எஃப்எஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், இசட்எஃப்எஸ் என்பது டிஸ்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் முறை. யூசர் சேர்க்கும்போது 'வீல்' குரூப்பில் மறக்காமல் சேருங்கள், இல்லையென்றால் அப்புறம் 'எஸ்யூ' அடித்து ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசராக, மாற முடியாது. ரீபூட் ஆனதும் கறுப்புத் திரையில் 'லாகின்' என்று ஒரு வரி நிற்கும். டெஸ்க்டாப் எங்கே என்று தேடாதீர்கள், அதை நாம்தான் போட வேண்டும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

[திரையில்: கட்டளை]

'பிஇசிடிஎல் கிரியேட்', பக்கத்தில் 'பழசு' என்று ஒரு பெயர், என்டர். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது, பார்த்தீர்களா? கேமில் பெரிய வில்லனிடம் போவதற்கு முன்னால் சேவ் போடுவோமே, அதேதான், ஆனால் இங்கே மொத்த ஓஎஸ்ஸுக்கும். இவ்வளவு வேகம் எப்படி என்றால், இசட்எஃப்எஸ் எதையும் காப்பி எடுப்பதில்லை. இருக்கும் தரவின் மேலேயே எழுதாமல், மாற்றங்களை வேறு இடத்தில் எழுதுவதுதான் அதன் வழக்கம், அதனால் பழையதை அப்படியே விட்டுவைத்தால் போதும். இனி தைரியமாக அப்டேட் செய்யுங்கள், டிரைவர்களை நோண்டுங்கள். பூட் ஆகாமல் படுத்துவிட்டதா? ஆரம்ப மெனுவிலேயே 'பழசு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடும். ஹோம் ஃபோல்டரில் இருக்கும் உங்கள் கோப்புகள் இதில் சேராது என்பதால் நேற்று எழுதிய கட்டுரையும் பழைய நிலைக்குப் போய்விடாது. இந்த ஒரு வசதிக்காகவே புதியவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்வேன், லினக்ஸ் அன்பர்கள் கமெண்டில் வந்து திட்டுங்கள், பரவாயில்லை!

ஒரே தலைவலி வைஃபை. எல்லா சிப்பும் ஓடாது. உங்கள் லேப்டாப் மாடலையும் வைஃபை சிப் பெயரையும் கீழே எழுதுங்கள், அடுத்த வீடியோவில் கேடிஈ டெஸ்க்டாப் போடும்போது அதையும் பார்த்துவிடலாம்.