சிவப்பு காட்டும் கணினி

வணக்கம் நேயர்களே.

வேலூரில் அலுவலகம், ஆம்பூரில் ஷூ கம்பெனி, ராணிப்பேட்டையில் டேனரி, குடியாத்தத்தில் ஒரு குடோன். நம்ம பக்கத்துக் கம்பெனிகள் பல இப்படித்தான் நாலு ஊரில் பரவியிருக்கின்றன. எல்லாக் கணினிகளையும் கவனிக்கும் ஆள் மட்டும் வேலூரில் ஒருவர். எந்தக் கணினியில் ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகவில்லையோ அது அவர் திரையில் சிவப்பாக நிற்கும். உடனே மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போடக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரமே வேண்டாம்.

முதலில் இரண்டு தேதிகளைப் பாருங்கள். எல்லாக் கணினிகளின் ஆன்டிவைரஸையும் நிர்வகிக்கும் சர்வரோடு அந்தக் கணினி கடைசியாகப் பேசிய தேதி ஒன்று, வைரஸ் பட்டியலைக் கடைசியாக வாங்கிய தேதி இன்னொன்று. இன்று பேசியிருக்கிறது, பட்டியல் மட்டும் பழசு என்றால் கோளாறு கணினிக்குள்ளே. சி டிரைவ் நிறைந்திருக்கும், அல்லது யாராவது இலவச ஆன்டிவைரஸ் ஒன்றைக் கூடவே போட்டிருப்பார்கள்.

இரண்டு தேதியுமே பழசா? போன் போட்டுக் கேளுங்கள். "சிஸ்டம் ஆன்லதான் சார் இருக்கு, ஜிஎஸ்டி சைட்தான் திறக்கமாட்டேங்குது" என்று பதில் வந்தால், திரையின் வலது மூலையில் என்ன தேதி என்று கேளுங்கள். பல வருஷம் பின்னால் இருக்கும். 'நான் அசல் சர்வர்தான்' என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் சர்வரிடம் இருக்கும்; அதற்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. பழைய தேதியில் நிற்கும் கணினி, 'இது இன்னும் நடைமுறைக்கே வரவில்லையே' என்று இணைப்பை மறுத்துவிடும்.

தேதி பின்னால் போகக் காரணம், கணினிக்குள்ளே மதர்போர்டு என்ற முக்கியப் பலகையில் உள்ள பட்டன் செல், அதாவது சிஆர்2032 என்ற சின்ன பேட்டரி. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். நம்ம ஊரில் சாயங்காலம் வாட்ச்மேன் மெயினையே அணைத்துவிடுவார். தோல் கிடங்கில் ஷார்ட் சர்க்யூட் என்றால் சும்மாவா, அவர் பயம் நியாயம்தான். ஆனால் இரவெல்லாம் பாரம் அந்தச் செல்லுக்கு; அது சீக்கிரம் தீரும். நள்ளிரவுக்கு வைத்த அப்டேட்டும் ஓடாது. அதை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். இன்டர்நெட் லைன் மெதுவான ஊரில் ஒரு கணினி மட்டும் அப்டேட்டை இறக்கி, மற்றவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்படி அமைக்கலாம்.

போனிலேயே சொல்லித் தேதியை மாற்றினால் அன்றைக்கு ஓடும், மறுநாள் காலையில் பழைய தேதிதான். ஆம்பூர் போகிறவரிடம் புதுச் செல் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். செல்லை மாற்றியதும் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில், தேதியை வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.