சருகு வாரியும் இறாலும்

நேயர்களுக்கு வணக்கம். 1922ஆம் ஆண்டு டோக்கியோவில் சீன, ஜப்பானிய ஓவியங்களை ஒன்றாக வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. அதற்குப் பெய்ஜிங்கிலிருந்து போன சென் ஷிசெங் என்ற ஓவியர், தன் நண்பர் ஒருவரின் படங்களையும் கையோடு எடுத்துப் போனார். நண்பருக்கு அப்போது வயது 58. பெய்ஜிங்கில் ஒரு விசிறிக்குப் படம் வரைய இரண்டு வெள்ளிக் காசுதான் கேட்டார். மற்றவர்கள் வாங்கியதில் அது பாதி. அப்படியும் கேட்டு வந்தவர்கள் குறைவு. டோக்கியோவில் கொண்டுபோன படம் அத்தனையும் விற்றுப்போனது.

அவர்தான் சி பைஷி. ஹூனான் மாகாணத்தில் ஷியாங்தான் பக்கத்து ஏழை விவசாயக் குடும்பத்தில் 1864இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் ஓராண்டுகூட முழுதாகப் போகவில்லை. மாடு மேய்க்கப் போனார். பேரன் வீடு திரும்பும்வரை பாட்டிக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அதனால் அவன் கழுத்தில் ஒரு செப்பு மணியைக் கட்டிவிட்டார். தூரத்தில் மணிச்சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்கு உயிர் வரும். சி பைஷி பிற்காலத்தில் பெரிய ஓவியரான பிறகும், ‘மணி அணிந்தவன்’ என்று தனக்கொரு முத்திரை செதுக்கி வைத்திருந்தார்.

நோஞ்சான் உடம்பு, வயல் வேலை தாங்கவில்லை. தச்சு வேலை கற்று, மரச் செதுக்கு வேலைக்குப் போனார். அப்புறம்தான் ஓவியம்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் வரைந்த சருகு வாரி. காய்ந்த இலை, சுள்ளிகளை வாரிச் சேர்க்கும் மூங்கில் வாரிதான். வேறு எதுவும் படத்தில் இல்லை. சிறுவயதில் தான் புழங்கிய பொருள்களை ஒவ்வொன்றாக வரைய ஆசை என்று அதிலேயே எழுதி வைத்தார். மலையும் மேகமும் வரைவதே உயர்ந்தது என்று நினைத்த படித்தவர்கள் நடுவே இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இன்னொரு படத்தில் சீன முட்டைகோஸும் மிளகாயும். பூக்களில் பியோனி அரசன், பழங்களில் லிச்சி முதன்மை என்கிறார்களே, காய்கறிகளில் முட்டைகோஸை அரசன் என்று ஏன் யாரும் சொல்வதில்லை என்று அதில் கேட்கிறார். அவர் உண்மையாகவே கேட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, இறாலுக்கு வருவோம். மேசைமேல் கிண்ணத்தில் உயிருள்ள இறால்களை விட்டு, நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கால்களை நிறைய வரைந்தார். ஆண்டுகள் போகப் போகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஐந்தில் நிறுத்தினார். அவர் வரைந்த ‘சுவான்’ என்ற சீனத் தாள் மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும். அழித்துத் திருத்த வழியே கிடையாது. நீர் கலந்த வெளிர் மையில் உடலின் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு தீற்றல். தாளில் அது லேசாகக் கசிவதால் ஓடு கண்ணாடிபோலத் தெரியும். தலையில் மட்டும் அடர்ந்த கறுப்பு. தண்ணீரை அவர் வரைவதே இல்லை, ஆனாலும் இறால் நீந்துகிறது.

1957இல் அவர் காலமானார். பெய்ஜிங் ஓவியக் கழகத்தில் அவருடைய படைப்புகள் பெருந்தொகையாக இருக்கின்றன. பார்க்க வாய்த்தால் இறாலின் நீண்ட மீசைக்கு அருகே போய் நில்லுங்கள். மயிரிழைபோன்ற அந்தக் கோட்டில் தூரிகை எங்கே கொஞ்சம் தயங்கி, எங்கே வளைந்து போயிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.