பரிசோதனை பிழையாகிவிட்டால் ஆளும் பிழையா?

[காட்சி: நிலாவெளிக் கரையில் ஏற்றிவைத்த படகு. தூரத்தில் புறாமலைத் தீவு.]

குரல்: புறாமலைக்குப் போய்ப் பவளப்பாறையை அளக்கிற ஆய்வாளருக்கு வருடம் பன்னிரண்டு மாதம் இல்லை. சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும்தான் கடல் இடம் கொடுக்கும். வடகீழ்ப் பருவக்காற்று வந்துவிட்டால் தண்ணீர் கலங்கிவிடும், அலையும் எழும்பும். இடையில் கமரா பழுதானால், தேசியப் பூங்காவுக்கான அனுமதிக் கடிதம் பிந்தினால், அந்த வேலை அடுத்த வருடத்துக்குத்தான். உதவித்தொகை அதுவரை காத்திருக்காது.

இப்படி நெருக்கடியில் வேலை செய்கிற ஆய்வாளர்களின் மன நலம் என்று பேச்சு எழுந்தால் பல நிறுவனங்கள் உடனே ஒரு யோகா வகுப்பு வைத்துவிடும். சுவரில் ஒரு சுவரொட்டி, ஒரு நாள் செயலமர்வு, தேநீர், படம். யோகா நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தம் எப்போது முடியும் என்று தெரியாமல் இரவு பத்து மணிக்கு மாதிரிகளை எண்ணிக்கொண்டிருக்கிறவருக்கு மூச்சுப் பயிற்சி எவ்வளவு தூரம் உதவும்?

[காட்சி: திரையில் இரண்டு எண்கள்: 3,659, 32%]

குரல்: 2017இல் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 32 வீதமானோர் மனநலப் பிரச்சினைக்கு உள்ளாகும் ஆபத்தில் இருந்தார்கள். அதைவிட முக்கியமானது, அந்த ஆபத்து எவற்றோடு சேர்ந்து வந்தது என்பது: வேலைப் பளு, வேலையும் வீடும் மோதுவது, மேற்பார்வையாளர் தன் குழுவை நடத்தும் விதம். அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு கணக்கெடுப்பில் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேர் கலந்துகொண்டார்கள். 41 வீதமானோருக்கு மிதமான அல்லது கடுமையான பதகளிப்பு இருந்தது. இணையத்தில் விரும்பியவர்கள் நிரப்பிய படிவம் அது, ஆகவே அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளிவைத்தே பார்க்க வேண்டும். இரண்டுமே நம் ஊர்க் கணக்கு இல்லை. ஆனாலும் மேற்பார்வையாளரைப் பற்றிய அந்த வரி கோணேசபுரியில் இருக்கிற நம் திருகோணமலை வளாகத்துக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

[காட்சி: ஆய்வுகூட மேசை. பற்றீரியா வளர்த்த தட்டு, நடுவில் சிறிய வட்டத் தாள்.]

குரல்: ஒரு மூலிகைச் சாறு பற்றீரியாவைத் தடுக்குமா என்று பார்க்கிறார் ஒரு மாணவி. தடுத்தால் சாற்றில் நனைத்த தாளைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். விழவில்லை. மூன்றாவது தடவையும் விழவில்லை. வாராந்தக் கூட்டத்தில் சொல்கிறார்.

மாணவி: “வளையம் வரேல்லை, சேர்.”

மேற்பார்வையாளர்: “நீர் என்ன பிழை விட்டனீர்?”

அவ்வளவுதான். அடுத்த முறை அவர் தட்டையே கொண்டுவர மாட்டார். “இன்னும் செய்துகொண்டிருக்கிறேன்” என்பார். இதே கூட்டம் வேறு மாதிரியும் நடக்கலாம்.

மேற்பார்வையாளர்: “எந்தச் செறிவில போட்டனீர்? அன்டிபயோட்டிக் வைச்ச தட்டில வளையம் விழுந்ததே?”

பற்றீரியாவைத் தடுக்கும் என்று தெரிந்த அந்த மருந்துக்கு வளையம் விழுந்திருந்தால் செய்முறை சரி, அந்தச் செறிவில் சாற்றுக்குத்தான் வலு இல்லை. அதுவும் ஒரு முடிவு, குறிப்பேட்டில் ஏற வேண்டியது. முதல் கேள்வி ஆளை விசாரிக்கிறது, இரண்டாவது பரிசோதனையை. இதற்குச் சல்லிக் காசு செலவில்லை.

அப்புறம், எழுதிவைக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. கட்டுரையில் யாருடைய பெயர் முதலில் வரும் என்பதை வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். கடைசியில் பேசினால் அது சண்டை. விடுமுறை எத்தனை நாள், வட்ஸ்அப் செய்திக்கு எத்தனை மணிக்குப் பிறகு பதில் போடத் தேவையில்லை என்பதும் தாளில் இருக்கட்டும். கடல் வேலைக்கு ஒரு பருவம் தவறினால் என்ன செய்வது என்ற மாற்றுத் திட்டமும் வேண்டும்: பழைய தரவை வைத்து எழுதக்கூடிய ஒரு அத்தியாயம், கரையிலேயே செய்யக்கூடிய ஒரு அளவீடு. இரவில் ஆய்வுகூடத்தில் யாரும் தனியாக இருக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி மட்டுமில்லை, பேச்சுத் துணையும்தான். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலும் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. வேலை வாங்குகிறவர் மாறாமல் வேலை செய்கிறவரை மட்டும் திடப்படுத்திப் பயனில்லை.

[காட்சி: சிற்றுண்டிச்சாலை. இருவர் பிளேன்டீயோடு.]

குரல்: சக ஆய்வாளர் ஒருவர் சாப்பிட வருவதை நிறுத்திவிட்டார், கூட்டங்களில் பேசுவதில்லை, தூக்கமில்லை என்கிறார். என்ன கேட்பது? “ஆய்வு எப்படிப் போகுது?” என்று மட்டும் கேட்காதீர்கள், அவர் அதற்குத்தான் பயப்படுகிறார். “கொஞ்ச நாளா நீங்க நீங்களா இல்லை, என்ன நடந்தது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அவசரமென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இல்லையேல் கூடவே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள்.

வளாகத்துக்குள் பேசினால் துறையில் கதை பரவும் என்ற பயம் நியாயமானது, சின்ன ஊர். அப்படியென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. 24 மணி நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். மேற்பார்வையாளர்களும் அழைக்கலாம்.