தலைமாட்டுல ஒரு அடை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபையா சேந்து பொங்கி ஒரே பந்தில சாப்பிடுற அசனப் பண்டிகை அன்னைக்கு பேச வர்றவன் பாடு கஷ்டம்தான், பின்னால கொப்பரைல கறிக்குழம்பு கொதிக்குது, வாசம் இங்க மைக் வரைக்கும் வருது, பிள்ளைங்களுக்கு காது இங்க இருந்தாலும் மூக்கு அங்கதான் இருக்கு, அதனால ரொம்ப இழுக்காம சொல்லிட்டு இறங்கிடுறேன். நான் ஊழியக்காரன் இல்ல, ஏரல்ல தையல் கடை வச்சிருக்கவன். நம்ம சபை போதகர் ஐயர் "வெள்ளத்துக்கு அப்புறம் நீங்க எப்படி நின்னீங்கன்னு சாட்சியா சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. நின்னேனான்னு எனக்கே சந்தேகம், உக்காந்துதான் போனேன், அதத்தான் சொல்லப் போறேன்.

2023 புது வருஷ ராத்திரி ஆராதனைல அந்த வருஷத்துக்குன்னு ஆளுக்கொரு வேத வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை எடுத்தோம்ல, எனக்கு வந்தது ஏசாயா 43:2. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்; நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை." நல்ல வசனம்னு சந்தோஷமா கொண்டு வந்து கட்டிங் டேபிளுக்கு மேல செல்லோடேப் போட்டு ஒட்டி வச்சேன். அதே வருஷம் டிசம்பர் 17 ராத்திரி தாமிரபரணி என் கடைக்குள்ள வந்துட்டு.

உங்களுக்கு அந்த மழைய நான் சொல்ல வேண்டாம். காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 செ.மீ., நம்ம தூத்துக்குடி ஜில்லாவுக்கு ஒரு வருஷம் பூரா பெய்யுற மழைய விட ஜாஸ்தி. கரண்ட் இல்ல, டவர் இல்ல, பாலம் இல்ல. நாங்க பக்கத்து பாய் வீட்டு மொட்டை மாடில கிடந்தோம், அவங்க வீட்டம்மா காஸ் அடுப்ப மாடிக்கு தூக்கிட்டு வந்து அரிசியும் சின்ன உள்ளியும் போட்டு கஞ்சி வச்சு எங்க எல்லாருக்கும் டம்ளர்ல ஊத்துனாங்க. அந்த கஞ்சிய பத்தி அப்புறம் சொல்றேன்.

தண்ணி வடிஞ்சப்புறம் ஷட்டர தூக்குறேன், தூக்க முடியல, உள்ள அவ்வளவு சகதி. டிசம்பர் மாசம் தையல்காரன் கடை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். கிறிஸ்மஸ் துணி நாப்பது உருப்படிக்கு மேல, பாதி தைச்சது, பாதி வெட்டி வச்சது. ஒரு சின்ன பிள்ளைக்கு வெள்ளை சாட்டின்ல கவுன், மூணு அடுக்கு ஃப்ரில், ஹெம் மட்டும்தான் பாக்கி. அது மெஷின் பெடல்ல சுத்திக்கிட்டு மீன் வலை மாதிரி கிடக்கு, ஃப்ரில் மடிப்புக்குள்ள எல்லாம் சகதி. மூணு மெஷினும் போச்சு. நிமிந்து பாத்தா செவத்துல தண்ணி நின்ன கோடு, அந்த கோட்டுக்கு ஒரு சாண் மேல அட்டை அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு, நனையவே இல்ல. "அவைகள் உன்மேல் புரளுவதில்லை." அட்டை மேலதான் புரளல ஆண்டவரே, மத்ததெல்லாம் புரண்டுட்டேன்னு எனக்கு சிரிப்பும் வந்துட்டு அழுகையும் வந்துட்டு.

இந்த வசனத்துக்கு நாம வழக்கமா ஒரு விளக்கம் சொல்லுவோம், "கடந்தால்னு இல்ல, கடக்கும்போதுன்னுதான் போட்டிருக்கு, அதனால கஷ்டம் வரத்தான் செய்யும்"னு. நானே வாலிபர் கூட்டத்துல பத்து தடவை சொல்லிருக்கேன். தப்பான விளக்கம்னு சொல்லல. ஆனா முழங்கால் சகதில நிக்கிறப்ப அது எனக்கு ஒரு மண்ணுக்கும் உதவல, உண்மைய சொல்லணும்ல.

அடுத்த ஒரு வாரம் நிறைய பேர் வந்தாங்க. தூரத்துல இருந்து வேன் போட்டு அரிசி பெட்ஷீட் பிஸ்கட் எல்லாம் கொண்டு வந்தாங்க, கர்த்தர் அவங்கள ஆசீர்வதிக்கட்டும், அது இல்லன்னா ஊரு தாங்கிருக்காது. கூடவே வசனமும் வந்துச்சு. ஒருத்தர் என் தோள்ல கை போட்டு "பிரதர், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும்"னார். இன்னொருத்தர் "உங்க வாழ்க்கைல ஏதாவது சரி பண்ண வேண்டியது இருக்கான்னு சோதிச்சுப் பாருங்க"ன்னார். என்னத்த சோதிக்க, மெஷின் மோட்டார கழட்டிதான் சோதிச்சுக்கிட்டு இருந்தேன்.

வேதத்துல பிள்ளைங்க சொத்து சுகம் எல்லாத்தையும் இழந்த யோபுவோட சிநேகிதங்க மூணு பேர எல்லாரும் திட்டுவாங்க. ஆனா யோபு புஸ்தகம் 2-ஆம் அதிகாரம் கடைசில பாருங்க, ஏழு நாள் ராவும் பகலும் அவன்கூட தரையில உக்காந்திருந்தாங்க, ஒரு வார்த்தை பேசல. அந்த ஏழு நாளும் அவங்க நல்ல சிநேகிதங்கதான், வாய தொறந்தப்புறம்தான் வினை. நம்மாளுங்களுக்கு ஏழு நிமிஷம் தாங்காது.

அந்த நாட்கள்ல எனக்கு ஜெபம் வரல. வேதத்த தொறந்தா சங்கீதம் 13 மட்டும்தான் ஓடும், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு. அந்த சங்கீதக்காரராவது கடைசில பாடுறேன்னு முடிக்கிறார். 88-ஆம் சங்கீதம் அதுவும் கிடையாது, இருட்டுல ஆரம்பிச்சு இருட்டுலயே நிக்குது. அத யாரும் வாக்குத்தத்த அட்டைல அடிக்க மாட்டாங்க, ஆனா வேதத்த விட்டு எடுத்தும் போடல. இப்படி ஒரு ஆளு பொலம்புனத அப்படியே ஜெபம்னு ஒத்துக்கிட்ட தேவன்கிட்ட நானும் பொலம்பலாம்னு தோணுச்சு, அன்னைக்கு எனக்கு இருந்த விசுவாசம் அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் 1 ராஜாக்கள் 19 வாசிச்சேன். எலியா தீர்க்கதரிசி கதை சண்டே ஸ்கூல்ல இருந்து தெரியும், ஆனா நமக்கு அவரு ஜெபிச்சு கர்மேல் மலைல அக்கினி இறங்குனதுதான் ஞாபகம் இருக்கும், அதுக்கு அடுத்த அதிகாரத்துல அதே மனுஷன் யேசபேல் ராணிக்கு பயந்து ஓடி வனாந்தரத்துல சூரைச்செடிக்கு கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே"ன்னு சாவ கேக்குறாரு. அக்கினிய இறக்குன ஆளு. இப்ப தேவன் என்ன செய்யணும் நம்ம கணக்குப்படி? ஒரு தரிசனம், இல்ல ஒரு நல்ல பிரசங்கம், இல்ல "உனக்கு விசுவாசம் பத்தல"ன்னு ஒரு கண்டிப்பு. ஒண்ணும் கிடையாது. எலியா தூங்கிட்டாரு, தேவன் தூங்க விட்டாரு. அப்புறம் தூதன் வந்து தட்டி எழுப்பி "எழுந்திருந்து போஜனம்பண்ணு"ங்கிறான். பாத்தா தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரத்துல தண்ணியும். சாப்பிட்டுட்டு மறுபடியும் படுத்துட்டாரு! தூதன் கோவப்படல, ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பிடச் சொல்றான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்"னு. அங்கேர்ந்து நாப்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய், காத்து பூமியதிர்ச்சி அக்கினி எல்லாம் கடந்தப்புறம்தான் தேவனோட அந்த மெல்லிய சத்தம். அதுக்கு முன்னாடியே அடை வந்துட்டு.

வாசிச்ச உடனே எனக்கு பாய் வீட்டு கஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு, அந்த டம்ளர் சூடு உள்ளங்கைல இருந்த மாதிரியே இருந்துச்சு. தூதன் ரெக்கையோட வருவான்னு பாத்துக்கிட்டு இருந்தேன், அவன் வந்துட்டு போனதே தெரியல எனக்கு.

ஸ்ரீவைகுண்டத்துல நின்ன ரயில் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே 17-ந்தேதி ராத்திரி திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்கு கிளம்புன செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடில மண்ண வெள்ளம் அரிச்சிட்டுப் போனதால ஸ்டேஷன்லயே நிறுத்திட்டாங்க, சுமார் 800 பேர், சுத்தி தண்ணி. ஹெலிகாப்டர்ல சாப்பாடு வர்றதுக்கு முன்னாடியே பக்கத்து புதுக்குடி ஜனங்க தங்கள் ஊட்டு அரிசிய கொண்டு வந்து கோயில்ல வச்சு பொங்கி போட்டாங்க. அவங்க ஊரும் தண்ணிலதான் நின்னுச்சு. அந்த ஜனங்க நம்ம சபைக்காரங்க இல்ல, அதனால என்ன, எலியாவுக்கு பஞ்சத்துல சோறு போட்ட சாறிபாத் விதவையும் இஸ்ரவேல்காரி இல்லையே.

அசரியா ஐயாவ நமக்கு நல்லாத் தெரியும், 1874-ல வெள்ளாளன்விளைல பிறந்தவரு, பின்னால தோர்ணக்கல் பேராயர் ஆனவரு. 1910-ல எடின்பரோ மிஷனரி மாநாட்டுல வெள்ளைக்கார மிஷனரிமார் அத்தனை பேர் முன்னாடி நின்னு, நீங்க தானம் பண்ணிருக்கீங்க, உங்க உடம்பையே கொடுத்திருக்கீங்க, அதோட அன்பும் வேணும், எங்களுக்கு நண்பர்களைத் தாங்கன்னு கேட்டாரு. சாமான் கொடுக்குறதுக்கும் கூட உக்கார்றதுக்கும் உள்ள வித்தியாசத்த அவரு அன்னைக்கே சொல்லிட்டாரு. வெள்ளத்துல நிவாரண பை கொடுத்துட்டு போட்டோவுக்கு சிரிக்க சொன்னாங்க பாருங்க, அப்பதான் எனக்கு அந்த பேச்சு முழுசா புரிஞ்சுது. பல்லு தேய்க்காம அழுக்கு லுங்கியோட நிக்கிறேன், சிரிங்கிறாங்க. சரி போகட்டும், அரிசி நல்ல அரிசி.

அந்த வெள்ளை கவுன் பிள்ளையோட அம்மா 23-ந்தேதி வந்தாங்க. என்ன சொல்லப் போறாங்களோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். அந்த அக்கா ஒண்ணும் பேசல, கவுன எடுத்து பாத்தாங்க, வாளில போட்டாங்க, கடைல கிடந்த மத்த துணியும் சேத்து அள்ளிட்டு போய் அவங்களும் தெருவுல நாலு அக்காமாரும் சோடா மாவு போட்டு ரெண்டு நாள் அலசிருக்காங்க. நாப்பதுல பதினெட்டு தேறுச்சு. கிறிஸ்மஸ் ஆராதனைக்கு அந்த பிள்ளை அதே கவுன்தான் போட்டு வந்தா, ஹெம் தைக்கல, ஊக்கு குத்தி மடிச்சு விட்டிருந்தாங்க, ஃப்ரில் ஓரத்துல டீ கலர்ல ஒரு கறை. ஆராதனை முடிஞ்சு வெளிய வந்து "மாமா, இது சுத்துனா குடை மாதிரி விரியுது"ன்னு சுத்திக் காட்டுனா. அன்னைக்குத்தான் ஒரு வாரத்துக்கு அப்புறம் நான் வயிறு நிறைய சாப்பிட்டேன்.

உயிர்த்தெழுந்த ஆண்டவரும் இத தானே செஞ்சாரு. யோவான் 21. சீஷங்க ராத்திரி பூரா வலை போட்டு ஒண்ணும் கிடைக்கல, விடியும்போது அவரு சொன்ன பக்கம் போட்டு வலை நிறைய மீனோட வர்றாங்க, கரைல கரிநெருப்பு போட்டு மீன் வச்சு அப்பத்தோட காத்துக்கிட்டு இருக்காரு. பேதுரு இயேசுவ தெரியாதுன்னு மறுதலிச்சதும் ஒரு கரிநெருப்பு பக்கத்துலதான், அத பத்தி கேக்க வேண்டியது இருக்கு, ஆனா முதல்ல "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்". கேள்வி எல்லாம் சாப்பிட்டு முடிச்சப்புறம்தான். ஆணிப்பட்ட கையால மீன் சுட்டு கொடுக்குற தேவன் நம்ம தேவன், இத நினைக்கும்போது எனக்கு பேச்சு வர மாட்டேங்குது.

ஐயர் வாட்ச்ச பாக்குறாங்க. முடிச்சிடுறேன். இன்னைக்கு பந்தில உக்கார்ற எல்லாருக்கும் ஒரே சோறு ஒரே குழம்பு, வீட்டு வீட்டுக்கு வாங்குன அரிசி ஒரே கொப்பரைல வேகுது, யார் வீட்டு அரிசின்னு யாருக்கும் தெரியாது, அது போதும். ஒரே ஒரு விஷயம், கமிட்டிக்காரங்ககிட்ட கேட்டுக்கிறேன். போன மாசம் வீட்டுக்காரர அடக்கம் பண்ண நம்ம மேலத் தெரு அக்கா இன்னைக்கு வரல, வர மனசு இல்லன்னு சொல்லிட்டாங்களாம். ஒரு தூக்குவாளில சோறும் குழம்பும் சூடா எடுத்து தனியா வைங்க, கறி கொஞ்சம் கூட போடுங்க. நானும் என் வீட்டம்மாவும் கொண்டு போறோம். வசனம் ஒண்ணும் எடுத்துட்டு போகல, தூக்குவாளி மட்டும்தான்.