யாருடைய ஆட்டம் நாட்டின் ஆட்டம்?

(வேலூரில் விளையாட்டு ஆர்வலர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், பயிற்றுநர்களுக்கும், மைதானத்திலிருந்து நேராக இங்கே வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் பணிவான வணக்கம்.

கால்பந்தும் நாட்டுப் பெருமையும் என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். அந்தப் பரந்த தலைப்பில் ஒரு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஆட்டத்தை நேசிப்பவர், வேறோர் ஆட்டத்தை நேசிப்பவரைப் பார்த்து, "உனக்கு இந்த மண்ணின்மேல் பற்று இல்லை" என்று சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது, அது என்ன செய்யும் என்பதே நான் பேச விரும்புவது. நம் ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு. கபடிக்காரர் கிரிக்கெட்டை வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற ஆட்டம் என்கிறார். கிரிக்கெட் ரசிகரோ, உலகக் கோப்பைக் காலத்தில் அர்ஜென்டினா சட்டை போட்டுக்கொண்டு தெருமுனையில் நிற்கும் பையனை நிறுத்தி, நம் நாடு ஆடாத போட்டிக்கு உனக்கு என்ன இவ்வளவு ஆரவாரம் என்று கேட்கிறார். கேட்பவருக்கு அது வேடிக்கைப் பேச்சாக இருக்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது சுடுசொல்.

உலகில் கால்பந்து என்ற பெயரால் வழங்கும் ஆட்டங்கள் பல. நாம் ஆடும் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பியின் இரு பிரிவுகள், ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, அயர்லாந்தின் கேலிக் கால்பந்து, அமெரிக்கக் கால்பந்து ஆகிய இவற்றில் ஒவ்வொன்றுக்கும் பற்று மிகுந்த ரசிகர் கூட்டம் உண்டு. தம்முடையதே உண்மையான ஆட்டம் என்ற உறுதியும் உண்டு. அந்த உறுதியோடு நாட்டுப் பெருமை கலந்தது பிற்காலத்தில் என்று நினைத்துவிட வேண்டாம். 1863-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனில் ஒரு விடுதியில் பல கழகங்களின் பிரதிநிதிகள் கூடிக் கால்பந்துச் சங்கத்தை நிறுவினார்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாமா, எதிராளியின் கணுக்காலுக்கு மேல் முன்னங்காலில் உதைக்கலாமா என்ற இரு கேள்விகளில் அவர்களுக்குள் பிளவு ஏற்பட்டது. உதைப்பதைத் தடைசெய்தால் ஆட்டத்தின் வீரமே போய்விடும், ஒரு வாரப் பயிற்சி பெற்ற பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிவந்தே உங்களைத் தோற்கடித்துக் காட்டுவேன் என்று பிளாக்ஹீத் கழகத்தின் கேம்பெல் வாதிட்டார். ஆட்டவிதியைப் பற்றிய விவாதத்தில் இன்னொரு நாட்டாரின் ஆண்மையை இழுத்துப் பேசுவது, பாருங்கள், முதற்கூட்டங்களிலேயே தொடங்கிவிட்டது. அவருடைய கழகம் விலகிச் சென்றது. 1871-இல் ரக்பிக்கெனத் தனிச் சங்கம் உருவானபோது அதில் சேர்ந்தது. அவர் எள்ளி நகையாடிய பிரெஞ்சுக்காரர்கள் 1998-லும் 2018-லும் கால்பந்து உலகக் கோப்பையை வென்றார்கள்.

அடுத்த பிளவு நம் பகுதி மக்களுக்கு நன்றாக விளங்கக்கூடியது. இங்கிலாந்தின் வடபகுதியில் ரக்பி ஆடியவர்களுள் பலர் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியை மட்டும் கழகம் ஈடுசெய்யட்டும் என்று வடக்கத்தியக் கழகங்கள் கேட்டன. பணம் வாங்காமல் ஆடுவதே கண்ணியம் என்று, கூலிக்குப் போக வேண்டிய தேவை இல்லாதவர்கள் மறுத்தார்கள். 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடிய வடக்கத்தியக் கழகங்கள் தனிச் சங்கம் கண்டன. அதுவே பின்னாளில் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் ஆயிற்று. அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக் காலம், லீக் பக்கம் போய்ப் பணம் பெற்று ஆடியவனுக்கு ரக்பி யூனியன் எனப்பட்ட பழைய பிரிவின் கதவு வாழ்நாள் முழுவதும் அடைக்கப்பட்டிருந்தது. 1995-இல் யூனியனே ஆட்டக்காரருக்குச் சம்பளம் தரலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. இந்த இரு தரப்பு ரசிகர்களும் இன்றைக்கும் ஒருவரையொருவர் குத்திப் பேசிக்கொள்கிறார்கள் என்றால், அந்தப் பேச்சுக்கு அடியில் கிடப்பது ஒரு நாள் கூலி. ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக்குப் போகும் இளைஞனும், குடியாத்தத்தில் பீடி சுற்றும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையும் வெளியூர்ப் போட்டிக்குக் கிளம்பும்போது வீட்டில் என்ன பேச்சு எழும் என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

நாட்டுப் பற்றையும் ஆட்டத்தையும் அயர்லாந்து அளவுக்கு இறுகப் பிணைத்த நாடு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே 1884-இல் தர்லஸ் என்ற ஊரில் மைக்கேல் குசாக் முதலியோர் கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் நசிந்துகொண்டிருந்த சொந்த ஆட்டங்களை மீட்பது அவர்கள் நோக்கம். அந்த நோக்கத்தை நான் கைகூப்பி வணங்குகிறேன். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 1920 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, டப்ளின் நகரின் குரோக் பார்க் மைதானத்தில் டப்ளினுக்கும் டிப்பரேரிக்கும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரித்தானியப் படையினர் உள்ளே புகுந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். பதினான்கு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர், களத்தில் ஆடிக்கொண்டிருந்த டிப்பரேரி வீரர் மைக்கேல் ஹோகன். அந்த மைதானத்தின் பார்வையாளர் மாடமொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய வரலாறு உடையவர்கள், அந்நிய ஆட்டம் என்று கால்பந்தையும் ரக்பியையும் கிரிக்கெட்டையும் ஒதுக்கியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஒதுக்கியதோடு அவர்கள் நிற்கவில்லை. அந்த ஆட்டங்களை ஆடினாலோ, போய்ப் பார்த்தாலோகூடச் சங்கத்திலிருந்து நீக்கம் என்று விதி செய்தார்கள். யார் யார் கால்பந்து பார்க்கப் போகிறார்கள் என்று கவனித்து எழுதிக்கொடுக்க ஆள்களையும் அமர்த்தினார்கள். 1938-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவராக இருந்தவர் டக்ளஸ் ஹைட். ஐரிஷ் மொழியை மீட்கும் இயக்கத்தைக் கட்டியெழுப்பியவர். அந்த மொழிக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் புரவலரும்கூட. அவர் அந்த ஆண்டு நவம்பரில், நாட்டின் தலைவர் என்ற முறையில், அயர்லாந்துக்கும் போலந்துக்கும் நடந்த கால்பந்து ஆட்டத்தைக் காணச் சென்றார். தம் சொந்த நாட்டு அணி ஆடிய ஆட்டம் அது. அதற்காகச் சங்கம் அவரைப் புரவலர் பொறுப்பிலிருந்து நீக்கியது. ஒரு மொழியையே தோளில் சுமந்த மனிதரின் நாட்டுப் பற்றை, அவர் எந்தப் பந்தைப் பார்த்தார் என்பதை வைத்து அளந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

அந்தத் தடை 1971-இல் நீக்கப்பட்டது. குரோக் பார்க் முதலிய சங்க மைதானங்களில் கால்பந்துக்கும் ரக்பிக்கும் இடமில்லை என்ற நிலை அதன் பிறகும் நீடித்தது. டப்ளினின் ரக்பி மைதானத்தை இடித்துக் கட்டும் காலத்தில் ஆடுவதற்கு இடம் தேவைப்பட்டபோது, 2005-இல் சங்கத்தின் மாநாடு வாக்கெடுத்துக் கதவைத் திறந்தது. 2007 பிப்ரவரி 24 அன்று, இங்கிலாந்து ரக்பி அணி அந்த மைதானத்தில் இறங்கியது. ஹோகன் விழுந்த மண்ணில் இங்கிலாந்தின் தேசியகீதம் ஒலிக்கப்போகிறது என்று நாடே பதறிக்கொண்டிருந்தது. கூட்டம் அந்தக் கீதத்தை மரியாதையோடு கேட்டது. பிறகு அயர்லாந்து 43-க்கு 13 என்ற கணக்கில் வென்றது. கேலிக் கால்பந்து இதனால் ஓர் அணுவும் குறைந்துவிடவில்லை; இன்றும் அதன் இறுதியாட்டத்துக்கு அதே மைதானம் நிரம்பி வழிகிறது.

சங்கம் செய்த தடையைவிடக் கொடியது அரசு செய்யும் தடை. பிரான்சில் ரக்பி லீக் வேகமாக வளர்ந்துவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளுக்கு இணங்கி நடந்த விஷி அரசு 1941-இல் அதைத் தடைசெய்து அதன் உடைமைகளைப் பறித்தது. போர் முடிந்து ஆட்டம் திரும்பி வந்தபோதும், ரக்பி என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளும் உரிமை பல பத்தாண்டுகளுக்கு அதற்குக் கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. மெல்பர்னில் 1859-லேயே தங்களுக்கென விதி எழுதிக்கொண்டார்கள். கிரிக்கெட்டின் நீள்வட்ட மைதானத்தில் அணிக்குப் பதினெட்டுப் பேர் ஆடும் அந்த ஆட்டம் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா மாநிலங்களின் உயிர்மூச்சு. சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் ரக்பி லீக்கின் ஆதிக்கம். கால்பந்தோ, போருக்குப் பின் குடியேறிய இத்தாலியரும் கிரேக்கரும் குரோவேசியரும் தங்கள் கழகங்களில் வளர்த்த ஆட்டம் என்பதால், அதை ஆடுபவன் முழு ஆஸ்திரேலியன் இல்லை என்ற ஏளனத்தை நெடுங்காலம் சுமந்தது. 2023 ஆகஸ்டில், பெண்கள் உலகக் கோப்பைக் காலிறுதியில், ரக்பி லீக்கின் கோட்டையான பிரிஸ்பேன் மைதானத்தில், பிரான்சைப் பெனால்டியில் 7-க்கு 6 என வென்றது ஆஸ்திரேலியப் பெண்கள் அணி. அதைப் பார்த்து ஆர்ப்பரித்தவர்களில் எத்தனை பேர் ரக்பி வீட்டுப் பிள்ளைகள், எத்தனை பேர் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் என்று அன்றைக்கு எவரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ரக்பியில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் போட்டியிட்டுவரும் கல்கத்தா கோப்பை, நம் இந்திய ரூபாயால் ஆனது என்பதை இங்கே பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். கல்கத்தாவில் ஆங்கிலேயர் நடத்திய ரக்பிக் கழகம் நலிந்து கலைந்தபோது, வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி இக்கோப்பையைச் செய்து அனுப்பினார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்புகள். மூடியின்மேல் ஒரு யானை. ரக்பி இங்கே மக்களிடம் வேரூன்றாமல் கோப்பையாகக் கப்பலேறியது, கால்பந்து தங்கிவிட்டது. அது தங்கியதற்கு 1911 ஜூலை 29 ஒரு பெரிய காரணம். அன்று கல்கத்தாவின் மோகன் பாகன் அணியினர், ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலேயரின் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவு அணியை 2-க்கு 1 என வீழ்த்தி, இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றார்கள்.

அந்நியன் தந்த ஆட்டத்தை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு வேலூர்க்காரன் என்ற முறையில் ஒரு விடை சொல்ல விரும்புகிறேன். நம் கோட்டைக்குள் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தோலால் செய்த சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய வேண்டும், நெற்றிக்குறியை அழிக்க வேண்டும், தாடியை மழிக்க வேண்டும் என்ற கட்டளைகள் அவர்கள் தன்மானத்தைத் தொட்டன. அது மேலிருந்து திணிக்கப்பட்டது, ஆகவே எதிர்த்தார்கள். கால்பந்தை மோகன் பாகன் வீரர்கள் தாமாக விரும்பி எடுத்து, கற்று, அதைக் கொண்டே தங்களை ஆண்ட ஆங்கிலேயரை வென்றார்கள். இவ்விரண்டையும் அந்நியம் என்ற ஒரே தட்டில் வைத்து நிறுப்பவர், கோட்டையில் உயிர்விட்டவர்களையும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, கல்கத்தாவில் ஆடியவர்களையும் புரிந்துகொள்ளவில்லை.

கபடி அன்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் ஆட்டம் இந்த மண்ணில் விளைந்தது. அதற்குரிய பெருமையில் எவருக்கும் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் பங்கு கேட்க மற்றவர்கள் வந்துவிட்டார்கள். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டு முதல் ஆண்கள் கபடித் தங்கம் நம்மிடமே இருந்தது. 2018-இல் ஈரான் அரையிறுதியில் நம்மை வென்று, தங்கத்தையும் கொண்டு சென்றது. நம் நாட்டுக்குள்ளேயே பஞ்சாபின் வட்டக் கபடிக்கு விதி வேறு, களத்தின் வடிவமும் வேறு. அதை ஆடுபவரைப் பார்த்து இது கபடியே இல்லை என்று நாம் சொன்னால், 1863-இல் இலண்டனில் நடந்த அதே வழக்கைத்தான் நாமும் நடத்துகிறோம்.

தென்னாப்பிரிக்காவைச் சொல்லாமல் விடக்கூடாது. வெள்ளையரின் ஆட்டமாகக் கருதப்பட்ட ரக்பியின் உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு 1995-இல் மண்டேலா அந்த அணியின் பச்சைச் சட்டை அணிந்து வந்ததை அனைவரும் அறிவோம். 2010-இல் நடந்ததை அவ்வளவாக அறியோம். கால்பந்து உலகக் கோப்பைக்காகப் பிரிட்டோரியா மைதானத்தை விட்டுக்கொடுத்த புல்ஸ் ரக்பி அணி, தன் இறுதியாட்டத்தைக் கறுப்பின மக்களின் கால்பந்துக் கோட்டையான சோவெட்டோவில் ஆடியது. அதுவரை அந்தப் பக்கம் அடியெடுத்து வைத்திராத வெள்ளை ரசிகர்கள் பலர் அங்கே போனார்கள். ஒரு மைதானம் கைமாறியதால் வந்த பயன் அது.

நம் ஊரிலும் சண்டை கடைசியில் மைதானத்தில்தான் வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பாருங்கள். ஒரே வெளியில் நான்கு கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நடக்கும். ஒருவரின் பந்து இன்னொருவரின் விக்கெட் கீப்பர் காலடியில் வந்து விழும். ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட கபடிக் களம். கால்பந்துப் பையன்கள் விடியும் முன்பே வந்து, செங்கல் இரண்டை கோலாக வைத்து ஆடிவிட்டு, ஏழு மணிக்குள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டட்ஸ் காலணி பிட்ச்சைக் கிளறிவிட்டது என்று தொடங்கும் வாய்த்தகராறு, சற்று நேரத்தில் எது நம் நாட்டு ஆட்டம் என்ற இடத்துக்குப் போய்விடுகிறது. பிட்ச்சுக்கு ஒரு மூலை, நிலையான கோல் கம்பங்களுக்கு ஒரு பக்கம், நாள் வாரியாக நேரம் எழுதிய பலகை ஒன்று வாயிலில் இருந்தால் அந்தத் தகராறின் பாதி எழவே எழாது.

இரண்டாவது, போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் கூலி. இங்கே போட்டி நடத்தும் குழுக்கள் கோப்பைக்கும் பேனருக்கும் மாலைக்கும் செலவிடும் தொகையில் ஒரு பங்கை, எந்த ஆட்டமானாலும், வேலையை விட்டுவிட்டு வரும் ஆட்டக்காரனுக்கு அன்றைய கூலியாகவும் பேட்டாவாகவும் கொடுக்க முன்வர வேண்டும். இவ்விரண்டையும் மனுவாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். மைதானம் பற்றியதை மாநகராட்சிக்கும், கூலி பற்றியதைப் போட்டிக் குழுக்களுக்கும் அனுப்பலாம். கபடிக்காரர், கிரிக்கெட்காரர், கால்பந்துக்காரர் மூவரின் கையெழுத்தும் ஒரே தாளில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். தாள் வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. வணக்கம்.