மண்டபத்து நண்டு கம்பெனியும் மாவட்டப் புள்ளிவிவரமும்

(ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் மீன் வணிகர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர்கள், கருவாடும் நண்டும் வாங்கி விற்பவர்கள், கடலில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கிற அக்காமார்கள், புள்ளியியல் படிக்கிற பிள்ளைகள் என எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

கணக்கெடுக்க ஓர் அலுவலர் வந்து நின்றதும் இந்தக் கடற்கரையில் எல்லார் மனசிலும் ஓடுகிற கேள்வி ஒன்றுதான். உண்மைக் கணக்கைச் சொன்னால் அது யார் கைக்குப் போகும்? நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் கிடைக்காதவரை யாரும் வாய் திறந்து உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் கூடாது.

பதில் சட்டத்தில் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவர சேகரிப்புச் சட்டம். தொழிற்சாலைகளின் வருடாந்திர ஆய்வு இதன் கீழ்தான் நடக்கிறது. கேட்டால் தகவல் கொடுத்தாக வேண்டும் என்று நம்மைக் கட்டாயப்படுத்துகிற அதே சட்டம், 9ஆம் பிரிவில் அரசின் கையையும் கட்டிப்போடுகிறது. நீங்கள் கொடுத்த தகவல் புள்ளிவிவரத் தேவைக்கு மட்டுமே பயன்பட வேண்டும். வரி போடுவது புள்ளிவிவரத் தேவை ஆகாது. அந்த வேலையில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் உங்கள் படிவத்தைப் பார்க்கக் கூடாது. இந்தச் சட்டத்தை மீறியதற்காக வழக்கு நடத்துவது மட்டும் விதிவிலக்கு.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்திருக்கலாம். அதே பிரிவில் இன்னொரு வாசகம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் முக்கியமாக வந்தேன். வெளியிடுகிற புள்ளிவிவரம், எது யாருடைய கணக்கு என்று அடையாளம் காண முடியாதபடி அமைந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியக் கூடாது என்கிறது அந்த வாசகம். சம்பந்தப்பட்டவரே சம்மதித்தால் வேறு விஷயம். மற்றபடி, பெயரை அடித்துவிட்டோம், முகவரியை எடுத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று எந்த அலுவலகமும் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிட முடியாது.

கழித்துப் பார்ப்பது எப்படி? ஒரு கற்பனை அட்டவணை சொல்கிறேன். கடலோர வட்டாரம் ஒன்றில் நண்டுச் சதை பிரித்து டின்னில் அடைத்து அனுப்புகிற கம்பெனி இரண்டே இரண்டு. அட்டவணை பெயர் எதையும் சொல்லவில்லை. ‘நண்டு பதப்படுத்தல், நிறுவனங்கள் 2, ஆண்டு விற்பனை 10 கோடி’ என்று மட்டும் போடுகிறது. சென்னையில் இருப்பவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இருவரில் ஒருவர் தன் கணக்கைக் கழித்தால் மற்றவர் விற்பனை பைசா சுத்தமாக வந்துவிடும். அதனால்தான் அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் குறைந்தது மூன்று நிறுவனங்களாவது இருக்க வேண்டும் என்ற விதியைப் பல நாட்டுப் புள்ளியியல் அலுவலகங்கள் வைத்திருக்கின்றன.

சரி, மூன்று பேர் இருந்தால் போதுமா? அதே 10 கோடி. பெரியவருக்கு 8 கோடி, நடுவில் இருப்பவருக்கு ஒரு கோடியே 70 லட்சம், சின்னவருக்கு 30 லட்சம் என்று வையுங்கள். நடுவில் இருப்பவர் தன்னுடையதைக் கழிக்கிறார். மிச்சம் 8 கோடியே 30 லட்சம். சின்னவர் எவ்வளவு சின்னவர் என்பது அவருக்குத் தெருவில் நின்றாலே தெரியும். அது தெரியாவிட்டாலும்கூட, பெரியவரின் விற்பனையை நான்கு சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு பிடித்துவிட்டார். ஆகவே தலையை எண்ணினால் மட்டும் போதாது. இரண்டாவது பெரிய நிறுவனத்தால் முதல் நிறுவனத்தின் கணக்கை எவ்வளவு நெருக்கமாக ஊகிக்க முடியும் என்றும் அளந்து பார்க்க வேண்டும். பத்து சதவீதத்துக்குள் ஊகிக்க முடிந்தால் வெளியிடாதே என்று வரம்பு வைத்திருந்தால், இந்த மூவர் அட்டவணை தேறாது. மாணவர்கள் இந்தக் கணக்கை இன்று ராத்திரியே ஒருமுறை போட்டுப் பாருங்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மூன்று பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரே முதலாளி இருந்தால், அது மூன்று இல்லை, ஒன்றுதான்.

அப்புறம், மறைக்க வேண்டிய கட்டத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் ஆயிற்றா? ஓர் அட்டவணையில் ஐஸ், கருவாடு, நண்டு என்று மூன்று வரிசைகள், கீழே மொத்தம். நண்டுக்கு மட்டும் நட்சத்திரம். மொத்தத்திலிருந்து ஐஸையும் கருவாட்டையும் கழித்தால் நட்சத்திரம் உதிர்ந்துவிடுகிறது. எனவே தப்பே செய்யாத இன்னொரு வரிசையையும் சேர்த்து மறைக்க வேண்டியிருக்கும். மாநில அட்டவணையிலிருந்து மற்ற மாவட்டங்களைக் கழித்து இந்த மாவட்டத்தை எடுக்க முடியுமா, போன வருட அட்டவணையோடு ஒப்பிட்டால் இடையில் மூடிய கம்பெனியின் கணக்கு வெளியே வருமா என்றும் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது.

நம் ஊர் உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனம் இருக்கிறது, அரசு நிறுவனம். அதன் உற்பத்திக் கணக்கு ஒளிவுமறைவு இல்லாமல் வெளியே கிடைக்கிறது. மாவட்டத்து மொத்த உப்பிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் தனியார் உப்பளங்களுடையது. அந்த மிச்சம் பலருடையதாக இருக்கும்வரை பயமில்லை. அட்டவணையைச் சிறுசாக நறுக்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அரசு நிறுவனமும் ஒரே ஒரு தனியாரும் மட்டும் நின்றால், அந்தத் தனியாரின் கணக்கை நாமே ஊர் நடுவில் வைத்த மாதிரி ஆகிவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். நம் தொழில் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஏற்றுமதி கம்பெனி வியாபாரிக்கு முன்பணம் கொடுக்கிறது. வியாபாரி படகுக்காரருக்கு முன்பணம் கொடுக்கிறார். வாங்கியவர் பிடித்து வருகிற நண்டைக் கொடுத்தவரிடமே போட வேண்டும். இந்தச் சங்கிலியில் நடுவில் நிற்பவரின் கொள்முதல் எவ்வளவு, விற்பனை எவ்வளவு என்பது மேலே இருப்பவருக்குத் தெரிந்தால், அடுத்த பருவத்தில் விலையை நசுக்குவதற்கு வேறு ஆயுதமே வேண்டாம். அந்த நசுக்கல் நடுவில் இருக்கிற வியாபாரியோடு முடியாது. படகுக்கும், நண்டுச் சதை பிரிக்கிற பெண்களின் கூலிக்கும் இறங்கும். ரகசியக் காப்பு என்பது பெரிய முதலாளிக்கான சலுகை என்று யாராவது சொன்னால், இந்தக் கடற்கரையை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது வேறு விதமான அநியாயம். கோயம்புத்தூரில் ஒரு தொழிலுக்கு நூற்றுக்கணக்கான கம்பெனிகள் இருக்கும். அங்கே எதை வெளியிட்டாலும் ஒருவர் முகம் தெரியாது. இங்கே ஒரு தொழிலுக்கு இரண்டு, மூன்று. விதியை அப்படியே போட்டால் அட்டவணையில் ராமநாதபுரத்தின் வரிசை முழுக்க நட்சத்திரமாக இருக்கும். எண் இல்லாத ஊருக்குத் திட்டம் வராது. கடல்பாசியைப் பாருங்கள். வளமாவூரில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். இப்படிப்பட்ட முதலீட்டுக்கு எத்தனை மிதவை, எத்தனை டன், எத்தனை குடும்பம் என்ற கணக்கு வேண்டும். வளர்ப்பவர்கள் ஏராளம், அதனால் அந்த அட்டவணையைத் தாராளமாக வெளியிடலாம். காய்ந்த பாசியை வாங்குகிற கம்பெனிகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அதே பாசி, அதே ஊர், ஆனால் கொள்முதல் அட்டவணைக்கு வேறு கவனம் தேவை. ஒரே விதியை இரண்டுக்கும் போட்டால் ஒன்று பயனற்றுப்போகும், இல்லையென்றால் மற்றொன்று அம்பலமாகும்.

என் கருத்து இதுதான். காலிக் கட்டம் விடுவதைவிடச் சேர்த்துச் சொல்வது மேல். நண்டை மட்டும் தனியாகச் சொல்ல முடியாவிட்டால் இறால், கணவாயோடு சேர்த்துச் சொல்லுங்கள். ராமநாதபுரத்தைத் தனியாகச் சொல்ல முடியாவிட்டால் தூத்துக்குடியோடோ புதுக்கோட்டையோடோ சேர்த்து ஒரு கடலோரத் தொகுப்பாகக் கொடுங்கள். எண்களில் வேண்டுமென்றே அளவோடு சிறு ஏற்ற இறக்கம் கலக்கும் வழியும் உண்டு. அமெரிக்காவில் மாவட்டவாரி வணிகப் புள்ளிவிவரத்துக்கு 2007 முதல் அப்படிச் செய்தார்கள். மொத்தம் பெரிதாகக் கெடாது, தனி ஆள் கணக்கு துல்லியமாகத் தெரியாது. என்றாலும் இங்கே நான் முதலில் சேர்த்துச் சொல்வதைத்தான் கேட்பேன், ஏனென்றால் அதைப் படிக்கிற சாதாரண ஆளுக்கும் புரியும். 2025 ஜனவரியிலிருந்து தேசிய மாதிரி ஆய்வுகளில் மாவட்டத்தையே அடிப்படை அலகாக வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். மாவட்ட எண்கள் கூடக் கூட, இந்தக் கவனமும் கூடத்தான் வேண்டும்.

ரகசியம் காப்போம் என்று கொடுத்த வாக்கு ஒருமுறை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். செயின்ட் ரெஜிஸ் என்ற காகித கம்பெனி, கணக்கெடுப்பு அலுவலகத்துக்குக் கொடுத்த படிவத்தின் நகலைத் தன் அலுவலகத்தில் வைத்திருந்தது. வணிகப் போட்டியை விசாரிக்கிற அரசு ஆணையம் அந்த நகலைக் கேட்டது. அலுவலகத்துக்குப் போன படிவத்துக்குத்தான் பாதுகாப்பு, கம்பெனியிடம் இருக்கிற நகலுக்கு இல்லை என்று 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இப்படியானால் இனி யார் நகல் வைப்பார்கள், நகல் வைக்காதவர் எப்படிச் சரியான கணக்குக் கொடுப்பார்? அடுத்த ஆண்டே, 1962இல், அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி நகலுக்கும் பாதுகாப்புக் கொடுத்தது. ஒரே ஒரு வழக்குக்காகச் சட்டத்தையே திருத்தினார்கள் என்றால், அந்த நம்பிக்கையை எவ்வளவு பெரிதாக நினைத்திருப்பார்கள்! உலக அளவிலும் இது ஏற்கப்பட்ட நெறிதான். தனி ஆளோ நிறுவனமோ கொடுத்த தகவல் ரகசியமாக இருக்க வேண்டும், புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்ற கோட்பாட்டை ஐ.நா. பொதுச்சபை 2014 ஜனவரியில் ஏற்றது.

வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலுவலர் வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள், எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதன் பிறகு உள்ளதை உள்ளபடி கொடுங்கள். பயந்து பாதியைச் சொன்னால், ஐஸுக்கும் சாலைக்கும் துறைமுகத்துக்கும் வருகிற பணமும் பாதியாகத்தான் வரும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. தமிழ்நாடு அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை வெளியிடுகிற மாவட்டப் புள்ளியியல் கையேட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்க்காரராக அதைப் படியுங்கள். எந்தக் கட்டத்தைப் பார்த்தால் உங்களுக்கு ஒரு கம்பெனியின் பெயர் மனசில் வருகிறது? எந்த இரண்டைக் கழித்தால் மூன்றாவது தெரிகிறது? அலுவலகத்தில் இருப்பவருக்கு இந்தத் தெரு தெரியாது, உங்களுக்குத் தெரியும். அப்படி ஒன்று அகப்பட்டால் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், நண்பர்களிடமும் சொல்லாதீர்கள். எந்தப் பக்கம், எந்தக் கட்டம், எதோடு சேர்த்தால் சரியாகும் என்று ஒரு கடிதமாக எழுதித் துறைக்கு அனுப்புங்கள். எழுத உதவி வேண்டுமானால், கூட்டம் முடிந்ததும் இங்கேதான் இருப்பேன், வாருங்கள்.

நன்றி, வணக்கம்.